வழியனுப்பப் போன காடு

'போகிறவனைத் தனியாக அனுப்பாதே' என்று தொடங்கும் பழமொழி ஒன்று ஒரு காட்டில் இருந்தது. பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை ஒரு காலத்தில் அறிந்திருந்தவர் அந்தக் காட்டின் மூத்த யானை. எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் அவர் இந்தப் பழமொழியில்தான் ஆரம்பிப்பார். முதல் பாதியைச் சொல்லித் தும்பிக்கையை உயர்த்துவார். உயர்த்திய தும்பிக்கை அப்படியே நிற்கும்.

"இதுக்கு மேலே ஒண்ணு வரும். நாக்கு நுனியிலே நிக்குது" என்பார்.

யானையின் நாக்குக்கு நுனி எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. கூட்டம் கைதட்டிவிட்டு அடுத்த பேச்சாளரைக் கூப்பிடும்.

அதனால் நாவற்காட்டில் அந்தப் பாதிப் பழமொழியே முழுச் சட்டமாகிவிட்டது. யார் எங்கே கிளம்பினாலும் காடே கூடி வழியனுப்பும். ஒரு முயல் பக்கத்துப் புதருக்குப் பெண் பார்க்கப் போனால்கூட முன்னூறு பேர் புதர் வாசலில் நிற்பார்கள். போகிறவர் கண்ணை விட்டு மறையும் வரை நின்று பார்த்த பிறகுதான் திரும்பலாம். அதற்கு முன்னால் முதுகைக் காட்டினால் போகிற காரியம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த முயலுக்குக் கல்யாணம் நின்றுபோனதற்கு ஒரு கீரிப்பிள்ளை நடுவில் தும்முவதற்காகத் திரும்பியதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நாவற்காட்டின் தலைவர் ஒரு முள்ளம்பன்றி. தலைவர் என்றால் பொன்னாடை போர்த்துவார்கள். மற்ற தலைவர்கள் அதை வாங்கிப் பின்னால் நிற்பவரிடம் தள்ளிவிடுவார்கள். இவருக்குப் போர்த்தியது போர்த்தியதுதான். முள்ளில் குத்தி நின்றுவிடும், எடுக்க வராது. பதவிக்கு வந்த நாள் முதல் போர்த்தியதெல்லாம் முதுகிலேயே இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஜவுளிக்கடை ஒன்று தானாக நடந்து வருவது போலத் தெரியும். வெயில் காலத்தில் ரொம்பக் கஷ்டம். ஆனாலும் மக்களின் அன்பை முதுகில் வைத்துக்கொண்டு புழுங்குகிறது என்று புகார் சொல்ல முடியுமா?

அந்த வருஷம் காட்டின் ஒரே குட்டை தூர்ந்துபோயிற்று. சேறு மேலே வந்துவிட்டது. கொக்கு நின்றால் கால் நனையவில்லை. அடுத்த மழைக்குள் தூர்வாரி ஆழப்படுத்தினால் தண்ணீர் தங்கும். இல்லாவிட்டால் காடு தாகத்தில் செத்துப்போகும். எல்லோரையும்விட ஆமைதான் அதிகம் கவலைப்பட்டது. மற்றவர்களுக்குக் குட்டை தண்ணீர் குடிக்கும் இடம். அதற்கு வீடு.

சபை கூடியதும் ஆமை முதல் ஆளாகப் பேச எழுந்தது. அது எழுந்து முடிப்பதற்குள் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறிவிட்டன. பிறகு அது சொன்னது ஒன்றுதான். காட்டுப்பன்றிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் தோண்டினால் வேலை முடிந்துவிடும்.

காட்டுப்பன்றிகளின் பெரியவருக்கு இது சுருக்கென்று தைத்துவிட்டது. "தோண்டத் தெரியாமலா இருக்கோம்? ஆனா சொந்த ஊர்ல, தெரிஞ்சவன் நாலு பேர் பார்க்க மண்ணு அள்ளினா, நாளைக்கு எங்க வீட்டுக்கு யார் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார்.

அப்போது தலைவரின் செயலாளர் உடும்பு தொண்டையைச் செருமியது. ஒரு கருத்தைப் பிடித்தால் விடாது என்பதற்காகவே அதை அந்தப் பதவியில் வைத்திருந்தார்கள். நாமே தோண்டினால் திறப்பு விழா ஒன்றுதான் கிடைக்கும் என்றது. வெளியிலிருந்து முதலீடு கொண்டுவந்தால் புறப்பாட்டு விழா, கையெழுத்து விழா, வரவேற்பு விழா, அடிக்கல் விழா, அதன் பிறகும் திறப்பு விழா அப்படியே கையில் இருக்கும். மேலும் மணலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கரைக்காட்டில் செல்வம் கொழிக்கிறது, அங்கே தலைவர் நேரில் போனால் நட்புறவும் மலரும் என்றது.

நட்புறவு மலரும் என்ற சொல் தலைவருக்குப் பிடித்திருந்தது. குட்டைக்கு ஒரு வழி கொண்டுவராமல் இந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தார். மொழிபெயர்ப்புக்கு நாரை நியமிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அக்கரைக்கு வலசை போய் வரும் பறவை அது. இரண்டு பாஷையும் தெரியும். இரண்டிலும் எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதும் தெரியும்.

நல்ல நேரம் பார்த்துத் தலைவர் கிளம்பினார். காடு முழுக்க வழியனுப்பத் திரண்டது. மான், மந்தி, மரநாய், காட்டுப்பன்றிக் கூட்டம், குஞ்சும் குளுவானுமாகக் காடை கௌதாரி, வயதான யானை எல்லாரும். ஆமையும் கிளம்பியது. தலைவருக்குப் போர்த்த ஒரு பொன்னாடையைத் தன் ஓட்டின்மேல் பத்திரமாக விரித்துக்கொண்டு கிளம்பியது. ஊர்வலம் குட்டையைத் தாண்டி, நாவல் மரத்தைத் தாண்டி, காட்டு எல்லையைத் தாண்டியபோது ஆமை குட்டைக் கரையை ஏறி முடித்திருந்தது.

மணலாற்றங்கரையில் எல்லாரும் நின்றார்கள். தலைவர் ஆற்றில் இறங்கினார். இங்கேதான் தவறு நடந்தது. காட்டுக்குள் ஒருவரை வழியனுப்பினால் பத்தடியில் ஒரு மரம் மறைத்துவிடும். ஆறோ கோடையில் வறண்டு கிடந்தது. இக்கரையும் மணல், அக்கரையும் மணல், நடுவில் ஒரு புல்கூட இல்லை. தலைவர் நடந்தார், நடந்தார், மறையவே இல்லை. பொன்னாடைகள் வெயிலில் ஜொலித்ததால் முன்னைவிட நன்றாகத் தெரிந்தார்.

பின்வரிசையில் நின்ற குட்டையான ஆட்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை மறைந்திருந்தால் நாம் திரும்பிவிடலாமே என்று பார்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். அவர்கள் மறைத்ததால் மற்றவர்கள் முன்னால் வந்தார்கள். அப்புறம் எல்லாரும் வந்தார்கள். கிட்டே போனால் தலைவர் பெரிதாகத் தெரிந்தார். பெரிதாகத் தெரிகிறவரை விட்டுவிட்டு எப்படித் திரும்புவது?

தலைவருக்கோ இன்னொரு சங்கடம். வழியனுப்புகிறவர்கள் நிற்கும்வரை போகிறவர் திரும்பிப் பார்த்துக் கையசைக்க வேண்டும். அவர்கள் நிறுத்துவதாக இல்லை. எனவே அவர் பின்பக்கமாகவே நடந்தார். இப்படியாக நாவற்காட்டின் தலைவர் அந்நிய மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தபோது, சொந்த மக்களைப் பார்த்துக் கையசைத்தபடி, முதுகுப் பக்கமாகத்தான் உள்ளே நுழைந்தார்.

அக்கரைக்காட்டின் எல்லையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். தலைவர் போய்விட்டார். அடுத்து நின்ற மானைக் கீரி கேட்டது. மான், வழியனுப்ப வந்ததாகச் சொன்னது.

"யாரை?"

"இப்ப உள்ளே போனாரே, அவரை."

"வழியனுப்பறதுன்னா கிளம்புற இடத்திலே நின்னு அனுப்பறதில்லையா? இது வந்து சேருற இடம்."

மானுக்கு இதில் என்ன குழப்பம் என்று விளங்கவில்லை. கீரியின் கையிலிருந்த பலகையில் சுற்றுலா, வணிகம், வேலை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. வழியனுப்புதல் என்று ஒரு கட்டம் இல்லை. சுற்றுலா என்றால் திரும்பிப் போகும் தேதி கேட்க வேண்டும், வணிகம் என்றால் சரக்கைச் சோதிக்க வேண்டும். வரிசையோ ஆற்றின் பாதி வரைக்கும் நின்றது. கீரி பெருமூச்சு விட்டு, மானுக்கு 'வேலை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டது. பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அதையே போட்டது.

அக்கரைக்காட்டின் அதிபர் ஒரு ஒட்டகச்சிவிங்கி அம்மையார். வாசலில் நின்றிருந்தவர், ஒரு துணிமூட்டை பின்பக்கமாக நகர்ந்து வருவதைப் பார்த்து, விருந்தினரின் சாமான் முன்னால் வருகிறது போலும் என்று நினைத்து ஓரமாக வைக்கச் சொன்னார். நாரை குறுக்கே பறந்து, அதுதான் விருந்தினர் என்று விளக்கியது. அம்மையார் சமாளித்துக்கொண்டு, மிகவும் வண்ணமயமான தலைவர் என்று பாராட்டினார்.

தலைவர் அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தோள் எட்டவில்லை. ஒரு மந்தி துணியை எடுத்துக்கொண்டு கழுத்தில் ஏறியது. ஏறி, ஏறி, பாதியில் ஓய்வெடுத்து, மறுபடி ஏறியது. எங்கே போட்டாலும் துணி வழுக்கிக் கீழே வந்தது. கடைசியில் அம்மையாரின் கொம்பில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார்கள். காற்றில் அது கொடி போலப் படபடத்தது. நட்புறவு மலர்ந்துவிட்டது என்று காகச் செய்தியாளர்கள் கரைந்தார்கள்.

அன்றைக்குப் பிற்பகலே பேச்சுவார்த்தை தொடங்கியது. முதலீடு செய்யத் தயார்தான் என்றார் அம்மையார். ஆனால் போன தடவை வேறொரு காட்டில் இடம் பார்த்து, அங்கே இருந்தவர்கள் எதிர்த்து, பெரிய தலைவலியாகிவிட்டதாம். அதனால் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உங்கள் காட்டில் ஆட்சேபணை சொல்ல யாராவது இருக்கிறார்களா?

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க காட்டிலே ஆட்சேபணை சொல்ல ஒருத்தர்கூடக் கிடையாது."

அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட உண்மையாகவும் இருந்தது.

அம்மையார் இரண்டு நெருப்புக்கோழிகளை இடம் பார்த்துவர அனுப்பினார். அவை போய்த் திரும்பும் வரை தலைவருக்கு விருந்து நடந்தது. வழியனுப்ப வந்தவர்களுக்கு விருந்து கிடையாது; அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். மறுநாள் காலையில் ஒரு காண்டாமிருகம் வந்து அவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போயிற்று. அம்மையார் தம் மக்களுக்காகப் பெரிய ஏரி ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். மான் கல் பொறுக்கியது. மந்தி கூடை தூக்கியது. காட்டுப்பன்றிகள் மண் தோண்டின.

தோண்டினார்கள் என்றால், அப்படித் தோண்டினார்கள். பெரியவரே முன்னால் நின்று மூக்கை மண்ணில் விட்டார். "என்ன அண்ணே, இங்கே மட்டும் அள்ளலாமா?" என்று மந்தி சீண்டியது.

"இது ஃபாரின்டா" என்றார் பெரியவர், சேற்றுக்குள்ளிருந்து.

அவர் சொன்னது தப்பில்லை. ஒரு வாரத்துக்குள் அக்கரையில் மண் அள்ளும் பன்றிப் பையன்களுக்குப் பெண் கொடுக்க இரண்டு குடும்பங்கள் அங்கேயே பேச்சை ஆரம்பித்துவிட்டன.

நெருப்புக்கோழிகள் திரும்பி வந்து, ஏரி வேலையை நிறுத்திவிட்டு நாவற்காட்டாரும் வந்திருந்த சபை நடுவில் நின்று, பார்த்ததைச் சொல்லின. அப்படி ஒரு இடத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்றன. முழுக்கக் காலி. பறவை இல்லை, பூச்சி இல்லை, ஆட்சேபணை இல்லை. பாதையின் நடுவில் ஒரு கல் மட்டும் இருந்ததாம். அதன்மேல் ஒரு பட்டுத்துணி போர்த்தியிருந்ததாம். "ஒரு காலத்தில் அங்கே யாரோ வாழ்ந்திருக்க வேண்டும். கல்லுக்குத் துணி சாத்திக் கும்பிடும் வழக்கம் உள்ளவர்கள்" என்று மூத்த நெருப்புக்கோழி மரியாதையோடு சொன்னது. கல் அவ்வப்போது முனகியதாகவும், பாஷை புரியவில்லை என்றும், அது காற்றாக இருக்கலாம் என்றும் இளையது சேர்த்துக்கொண்டது.

"நடுவில் ஒரு நல்ல குழியும் இருக்கிறது" என்றது மூத்தது. "யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை."

அம்மையார் மகிழ்ந்துபோனார். ஏரியில் தோண்டிய மண் மலையாகக் குவிந்து, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று திண்டாடிக்கொண்டிருந்தவர் அவர். நாவற்காட்டில் மண் நிரப்பும் மாபெரும் திட்டம் ஒன்றில் முதலீடு செய்வதாக அப்போதே அறிவித்தார். முதலில் அந்தக் குழி. பிறகு அதைச் சுற்றியுள்ள இடம்.

நாரை இதைத் தலைவரின் காதில் மெதுவாகச் சொன்னது. எதையும் விடாமல் சொன்னது. அந்தப் பயணத்தில் அது எதையும் விடாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்போது மூத்த யானை திடீரென்று தும்பிக்கையை உயர்த்தினார். கண்கள் கலங்கியிருந்தன.

"வந்துடுச்சு" என்றார். "'போகிறவனைத் தனியாக அனுப்பாதே, வீட்டைத் தனியாக விடாதே.' இதுதான். இதேதான்."

நாவற்காட்டார் எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை வயதில் இந்த நினைவாற்றலா என்று வியந்தார்கள். யானையைப் பேட்டி காணக் காகங்கள் பறந்தன. சிலர் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். பிறகு எல்லோரும் ஏரி வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் குழி..." என்று இழுத்தார்.

"ஆட்சேபணை ஏதாவது உண்டா?" என்று அம்மையார் மேலேயிருந்து கேட்டார். பேட்டியிலிருந்த காகங்கள்கூடக் கழுத்தைத் திருப்பின.

அது குழி இல்லை, எங்கள் குட்டை என்று சொல்லலாம். எங்கள் என்றால் யார், அங்கேதான் ஒருவரும் இல்லையே என்பார்கள். காடே என்னை வழியனுப்ப இங்கே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்புறம் இடம் காலியில்லை, முதலீடு இல்லை. வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதையும் காடு முழுவதும் கூட நின்று பார்க்கும். தலைவர் இதையெல்லாம் யோசித்தார். முதுகில் பொன்னாடைகள் புழுங்கின.

"ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்றார்.

ஒப்பந்தத்தில் கால்தடம் வைத்தாயிற்று. உடும்பு அந்த ஓலையைக் கவ்விக்கொண்டது. அதன் பிறகு எவர் இழுத்தாலும் அது விடவில்லை. அன்றைக்கே கழுதைகள் மண் சுமந்துகொண்டு மணலாற்றில் இறங்கின.

விருந்துகள் எல்லாம் முடிந்து தலைவர் ஊர் திரும்பும் நாள் வந்தது. அவரை வழியனுப்ப யாரும் வரவில்லை. காட்டுப்பன்றிகளுக்கும் மற்றவர்களுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. யானை, முழுப் பழமொழி தெரிந்தவர் என்பதால், அக்கரைக்காட்டுப் பள்ளிகளில் உரையாற்ற அழைக்கப்பட்டிருந்தார். உடும்பு, ஒப்பந்தத்தை விடாத காரணத்தால், ஒப்பந்தத்தோடு அங்கேயே அதிகாரியாக வைக்கப்பட்டது. நாரைக்கு வலசைக் காலம். வழியில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு எதிர்த்திசையில் பறந்துபோயிற்று. காட்டையே கூட்டிக்கொண்டு போன தலைவர் தனியாக மணலில் நடந்து வந்தார். இந்த முறை முன்பக்கமாகத்தான் நடந்தார். கையசைக்க யாரும் இல்லாததால் பார்வை நேராக இருந்தது. பக்கத்திலேயே கழுதைகள் வரிசையாக மண் சுமந்து போவதும், வெறும் முதுகோடு திரும்பி வருவதும் தெரிந்தது.

இக்கரையில், மணல் தொடங்கும் இடத்தில், ஒரு கல் இருந்தது. அதன்மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. தலைவர் கிட்டே வந்ததும் கல் தலையை நீட்டியது.

"மன்னிக்கணும் தலைவரே" என்றது ஆமை, மூச்சு வாங்கிக்கொண்டு. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு. நீங்க கிளம்பியிருப்பீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேன்."

தலைவர் வாயைத் திறந்தார்.

ஆமை அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் பார்த்தது. பிறகு, "என்ன, தனியாவா கிளம்பியிருக்கீங்க?" என்று கேட்டது. "ஒருத்தன்கூட வழியனுப்ப வரலையா? ஒரு மனுஷன் நம்ம குட்டைக்காக இவ்வளவு தூரம் போறார், வந்து ரெண்டு நிமிஷம் நிக்க முடியலையா இவங்களுக்கு? போகட்டும் விடுங்க. நான் இருக்கேன்."

தன் ஓட்டிலிருந்த பொன்னாடையை இழுத்து எடுத்தது. தலைவர் தரையோடு தரையாகக் குனிந்தார். ஆமை அதை அவர் முதுகில் போர்த்தியது. முள்ளில் குத்தி, மற்றவற்றின் மேல் அது நின்றுகொண்டது.

"வர்ற வழியிலே ரெண்டு கோழி பார்த்தேன், ரொம்பப் பெருசு. தலைவர் போயிட்டாரான்னு கேட்டேன். பதில் சொல்லலை, என்னையே சுத்திச் சுத்திப் பார்த்தாங்க" என்றது ஆமை. அப்புறம் குரலைத் தாழ்த்தியது. "இன்னொண்ணு தலைவரே. இந்தக் கழுதைங்க எங்கேருந்தோ மண்ணைக் கொண்டாந்து நம்ம குட்டைப் பக்கம் போறாங்க. நான் ஒரு ஆளு, கத்திப் பார்த்தேன், ஒருத்தனும் நிக்கலை. நீங்க பெரிய இடத்துக்குப் போறீங்க. அங்கே யார்கிட்டேயாவது ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திட்டு வாங்க. எனக்கு வேற வீடு இல்லை."

தலைவர் காட்டுப் பக்கம் பார்த்தார். ஆற்றுப் பக்கம் பார்த்தார். நான் போய்விட்டு வந்தாயிற்று என்ற வாக்கியம் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. யானையின் பழமொழி போல அங்கேயே நின்றுவிட்டது.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றது ஆமை. "நீங்க மறையற வரைக்கும் நான் இங்கேயே நிக்கறேன். முதுகைக் காட்ட மாட்டேன்."

தலைவர் மறுபடியும் வெளிநாட்டுப் பயணம் போவதென்று முடிவெடுத்து, ஆமையைப் பார்த்துக் கையசைத்தபடி, பின்பக்கமாகவே ஆற்றில் இறங்கினார்.

நீதி: வழியனுப்ப ஒருவர் மிச்சம் இருக்கும்வரை, எந்தத் தலைவரும் ஊர் திரும்பியதாகக் கணக்கில்லை.